ஒரு பிடி சிமெண்ட்

மேடவாக்கத்தில் அடுக்குமாடி கட்டுகிற கம்பெனி ஏசுபாதத்துக்குத் தரவேண்டிய கூலி பதினோராயிரத்து நாற்பது ரூபாய். அவர் செத்து ஒன்பது நாளாகிவிட்டது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும் என்று அவர் மனைவி செல்லம்மா கேட்க வந்தாள்.

"கேமராவுல முகம் காட்டினாதாம்மா கம்ப்யூட்டர் கணக்க முடிக்கும். என் கையில ஒண்ணும் இல்ல," என்றார் சூப்பர்வைசர் கேசவன்.

"செத்தவரு மூஞ்சிய நான் எங்கேர்ந்து சார் இட்டாருவேன்?"

போனிலிருந்த அவர் படத்தை, வேலையாட்களின் வருகையைப் பதியும் அந்தக் கேமராவுக்குக் காட்டிப் பார்த்தாள். கேமரா ஏற்கவில்லை. உயிரோடு இருந்தபோதே அது அவரைச் சுலபத்தில் ஏற்றதில்லை. முதல் நாள் முகமெல்லாம் சிமெண்ட் தூசியோடு நின்றவரை அப்படியே பதிந்துவிட்டார்கள். பிறகு குளித்துவிட்டு வந்தால் யாரோ என்று தள்ளிவிடும். அதனால் தினமும் ஒரு பிடி சிமெண்டைப் பூசிக்கொண்டுதான் அவர் அதன் முன் நிற்பார்.

அவள் திரும்பியபோது பக்கத்தில் ஒருவர் சிமெண்ட் மூட்டையைப் பிரித்தார். தூசி எழுந்து கேமராவுக்கு முன்னால் பரவியது. அங்கே ஆள் யாரும் இல்லை.

கேமராவின் திரையில், முகம் தெரிந்தால் அதைச் சுற்றி வரும் பச்சைக் கட்டம் விழுந்தது. ஏசுபாதத்தின் உயரத்தில், அவர் தலையைச் சாய்ப்பது போலவே சற்று இடப்பக்கம் சாய்ந்து நின்றது. கீழே அவர் பெயர் வந்தது.

கேசவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

கூலி முழுவதும் இப்போது வங்கிக் கணக்கில் போட்டாயிற்று, பாக்கி இல்லை என்று திரையில் எழுத்து ஓடியது. செல்லம்மா அந்த வெற்றிடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"போதும்யா. கண்ணு எரியும், மூஞ்சிய கழுவிக்க."