மீண்டும் அலை

“அழையா, அலையாம்மா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பாடகி மைக்கில் கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

“அழை. கூப்பிடுன்னு அர்த்தம். ழ நல்லா விழணும்” என்றேன்.

நான் எழுதிய பாட்டு. பிரேசில்காரர்களின் போஸா நோவா பாணி. எழுந்து ஆடவும் விடாது, சும்மா உட்காரவும் விடாது, அப்படி ஒரு தாளம். ‘கரை உறங்கவில்லை, மீண்டும் அழை’ என்று நான் எழுதினேன். ‘மீண்டும் அலை’ என்று உலகம் பாடுகிறது.

யார்தான் பாடவில்லை? ஒருவர் மூக்கால் பாடினார். ஒருவர் சாக்ஸபோனில் ஊதி ஊதி உருகினார். ஒரு மகராசன் உடற்பயிற்சிக் கூடத்துக்கென்று அதை ஓட ஓட விரட்டினார். பல் டாக்டரின் வரவேற்பறை, லிஃப்ட், வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் நேரம் என்று போகிற இடமெல்லாம் அது என்னைப் பிடித்துக்கொள்ளும். அந்த வரி வந்ததும் கடல் இரைச்சலை வேறு சேர்த்துவிடுவார்கள்.

வார்த்தையே இல்லாமல் புல்லாங்குழலில் ஒன்று உண்டு. அதை மட்டும் முழுசாகக் கேட்பேன்.

நான் கடலுக்காக எழுதவில்லை. ஒரு பெட்டியோடு வீட்டைவிட்டுப் போன என் வீட்டுக்காரருக்காக எழுதினேன். மெட்டுப் போட்டவர் அவர்தான்.

அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் வேலை நிற்கவில்லை. மெட்டு கேசட்டில் வரும். நான் வார்த்தைகளை டெலிபோனில் சொல்வேன். அவருடைய உதவியாளர் எழுதிக்கொள்வார். வீடு வேறு, தொழில் வேறு என்று இரண்டு பேரும் ரோஷத்தைக் கட்டிக்கொண்டு இருந்தோம்.

அந்தப் பாட்டில்தான் நான் இறங்கி வந்தேன். ஊருக்கே கேட்கும்படி, அவருக்கு மட்டும் புரியும்படி, ஒரு தரம் கூப்பிடு என்று சொன்னேன்.

வெளிவந்தபோது ‘அலை’ என்று இருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. உதவியாளரைப் பிடித்து உலுக்கினேன்.

“டெலிபோன்ல தப்பா விழுந்துடுச்சுக்கா” என்றார்.

என் வீட்டுக்காரர் முன்னதாகவே கிடாரைத் தனியாக வாசித்துப் பதிந்துவிட்டு வெளியூர் போய்விட்டாராம். பாடகி பாடியபோது அங்கே இல்லவே இல்லையாம்.

அவர் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்? அவருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் அலை. நானே போன் செய்து திருத்தியிருக்கலாம் என்பீர்கள். கெஞ்சியதையே இன்னொரு தரம் கெஞ்ச எந்த வாய்க்கு வரும்?

அந்த உதவியாளரின் காதையும் பாடகியின் நாக்கையும் நான் திட்டாத நாளில்லை. என் வீட்டுக்காரர் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தி, போன வருஷம் போயும் சேர்ந்துவிட்டார். தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பார். அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் நான் காலம் தள்ளினேன்.

ஒரு தடவையாவது சரியாகப் பாடப்படட்டும் என்றுதான் இன்று புதுப் பதிவுக்குக் கூப்பிட்டதும் கிளம்பி வந்தேன். இந்தப் பெண் சொல்லிப் பார்த்தாள். அழை. நாக்கு மடிந்து, உள்ளே போய், சரியாக வந்து விழுந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது.

என் வீட்டுக்காரர் வாசித்த பழைய கிடார் பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, இவள் குரலை அதன்மேல் ஏற்றுவதாகத் திட்டம். அதற்காக ஒலிப்பதிவாளர் எங்கிருந்தோ அசல் டேப்பைத் தேடிப் பிடித்திருந்தார். நான் பாட்டு எழுதியவள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். ஒத்திகையும் இதிலேயே இருக்கிறது, கேளுங்கள் என்று உற்சாகமாக ஓடவிட்டார்.

கிடார் வந்தது. அதோடு அந்தப் பழைய பாடகியின் குரல்.

‘கரை உறங்கவில்லை, மீண்டும் அழை.’

அழை என்றுதான் பாடினாள். சுத்தமான ழ. இத்தனை காலம் நான் திட்டிய நாக்கு அது.

சட்டென்று கிடார் நின்றது.

“அழை வேணாம்மா, அலைன்னு பாடு” என்றது என் வீட்டுக்காரரின் குரல்.

பக்கத்தில் யாரோ தயங்கித் தயங்கி என்னவோ சொன்னார்கள். அந்த உதவியாளராகத்தான் இருக்க வேண்டும்.

“அவ கேட்டா, டெலிபோன்ல தப்பா விழுந்துடுச்சுன்னு சொல்லிடு.”

சிரித்தார். கிடார் மறுபடி தொடங்கியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி, பாவம், சமாதானம் எல்லாவற்றுக்கும் மெட்டுப் போட்டவர் ஒருவர்தான். அந்தச் சமாதானத்தைத்தான் நான் இத்தனை காலமும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் பாட்டை எங்கேயோ கொண்டுபோய்விட்டாரே மனுஷன் என்று ஒலிப்பதிவாளர் தொடையைத் தட்டிக்கொண்டார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஹெட்ஃபோனைக் கழற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்டிருக்கிறாள். எதைப் பாடுவது என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டும்.

மைக் பொத்தானை அழுத்தினேன்.

“அலைன்னே பாடும்மா. எல்லாரும் சரியாத்தான் பாடியிருக்காங்க.”