மிச்சமிருந்த தீ

ஊர் எதுவாக இருந்தால் என்ன, அடைமழைக் காலையில் ஓர் அடுப்படியில் சிலிண்டர் இருமத் தொடங்கியது.

“எனக்குள்ள கால் மணி நேரத் தீதான் மிச்சம். புது சிலிண்டர் நாளைக்குத்தான் வரும். யாருக்குக் கொடுக்கட்டும்?”

“எனக்குத்தான்!” என்று குதித்தது பருப்புச் சட்டி. தினமும் முதலில் அடுப்பேறுவது அதுதான். அந்தக் கெத்து இன்னும் குறையவில்லை.

“இப்பவே காய்ச்சாட்டி நான் திரிஞ்சு போயிடுவேன் அண்ணே” என்றது பால்.

“எனக்கு நல்லா ஒரு கொதி வந்தாப் போதும் அண்ணே” என்றது சோற்றுப் பானை. “அப்புறம் இறுக்கி மூடிட்டா, அந்தச் சூட்டுலயே வெந்துடுவேன்.”

சிலிண்டர் யோசித்தது. “பாலுக்கு அஞ்சு நிமிஷம், பானைக்குப் பத்து. தப்பா எடுத்துக்காதேம்மா சட்டி, உனக்கு இல்ல.”

சட்டிக்கு முகம் தொங்கிப்போனது. ஊறிய பருப்போடு மூலையில் போய் உம்மென்று உட்கார்ந்தது.

பால் பொங்கி இறங்கியது. பானையும் கொதித்தது. ஆனால் அதன் மூடி நெளிந்த மூடி. இடுக்கு வழியாக ஆவியெல்லாம் புஸ்ஸென்று வெளியே போனது. சட்டிக்குக் கோபம் தீரவில்லைதான். இருந்தாலும் அது வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“தள்ளு அந்த மூடியை!” என்று எகிறிப் போய், பானையின் வாயை அடைத்து உட்கார்ந்துகொண்டது.

தீ அணைந்தது. அடிவயிறு சுடச் சுட, சட்டி அசையவில்லை.

வெகு நேரம் கழித்து, “நான் வெந்துட்டேன் அக்கா, இறங்கிக்கோ” என்றது பானை.

சட்டி தனக்குள்ளிருந்த ஒரு பருப்பை மெல்ல நசுக்கிப் பார்த்தது. வெண்ணெய் போல மசிந்தது.

“இருடா,” என்றது சட்டி, “இன்னும் கொஞ்ச நேரம்.”