பத்துப் பைகள்

பொழுதுபோக்காக ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்ட அணிலுக்கு முதல் ஆர்டர் வந்தது. தன் குஞ்சுகளின் பெயர்சூட்டு விழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, பத்துத் துணிப்பைகளில் பூ அச்சடித்துத் தரச் சொன்னது மைனா. இது நன்றாக அமைந்தால் பக்க வருமானத்துக்கு ஒரு வழி பிறக்கும்.

அணில் பையின்மேல் பூ வடிவம் பதித்த வலைச் சட்டத்தை வைத்து, மை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்தது. பாதி இழுப்பதற்குள், பூ சரியாக விழுந்ததோ இல்லையோ என்று பயந்து சட்டத்தைத் தூக்கிப் பார்த்தது. மை ஈஷிப் பூ கலைந்துபோனது. இப்படியே மூன்று பைகள் கெட்டபோது மைனா வந்து நின்றது.

"மூணு பையைக் கெடுத்துட்டேங்க. மீதியை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றது அணில், தலை நிமிராமல்.

மைனா கெட்ட பைகளைப் புரட்டிப் பார்த்தது. பிறகு புதுப் பையொன்றை விரித்து, சட்டத்தை அதன்மேல் வைத்து, தானும் அந்தச் சட்டத்தின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"நான் இறங்குற வரைக்கும் தூக்க முடியாது. இழுங்க."

"தப்பா விழுந்தா?"

"முழுசா விழட்டும், பாத்துக்கலாம்."

அணில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிவரை இழுத்தது. அது கண்ணைத் திறந்தபோது, மைனா பூ விழுந்த பையைக் கொடியில் காயப்போட்டுவிட்டு அடுத்ததை விரித்துக்கொண்டிருந்தது.