எட்சன் சார் ஏன் வந்தார்?

இறுதிப் போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். அபினேஷ் வீட்டு வாசலில் எட்சன் சாரின் பைக் நிற்பதைப் பார்த்ததும் பெமிலா டீச்சருக்குச் சந்தேகம் வந்தது.

வராமல் இருக்குமா? அபினேஷ் அவளுடைய அணிப் பையன். எட்சன் சாரோ எதிரணியின் கோச்.

போன வருடம் வரை அபினேஷ் படிக்கும் கடற்கரைப் பள்ளிக்கூடத்து ஃபுட்பால் அணி எட்சன் சாரின் கையில்தான் இருந்தது. வருசா வருசம் கோப்பை அங்கேதான் வரும். மணலில் ஓடிப் பழகிய கால் என்றார்கள் சிலர். மீன் தின்று வளர்ந்த உடம்பு என்றார்கள் சிலர். அவருக்குப் புதுக்கடைப் பக்கம் வேறொரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது மட்டும் எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னார்கள், இனி கோப்பையும் அவர் பின்னாலேயே போய்விடும் என்று.

அவருடைய இடத்துக்கு வந்தவள்தான் பெமிலா. ஆம்பளைப் பிள்ளைகளுக்குப் பொம்பளை கோச்சா என்று ஊரில் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. நாளைக்குத் தோற்றால் அந்தப் பேச்சு அவள் முகத்துக்கு நேராகவே வரும்.

போதாததற்கு அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். முன்வரிசையில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்த அபினேஷைப் பின்னால் இழுத்து, கோல்கீப்பருக்கு முன்னால் பந்தைத் தடுக்கும் பின்வரிசையில் நிறுத்தினாள். நல்ல உயரம். பந்து எங்கே வரும் என்று மற்றவர்களுக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அந்த இடம் அவனுக்கென்றே அளந்து வைத்ததுபோல அவளுக்குப் பட்டது.

அவனுக்கு அது அவமானமாகப் பட்டது. அந்த வாரம் முழுவதும் அவன் மைதானத்துப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டுப் பேசலாம் என்று வந்த இடத்தில்தான் இந்த பைக்.

உள்ளே போகவா, வேண்டாமா என்று தெருமுனையில் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு தவித்தாள். கொஞ்ச நேரத்தில் எட்சன் சார் வெளியே வந்தார். அபினேஷின் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். அவன் தலையைக் குனிந்தபடி சரி சரி என்று ஆட்டினான்.

அவள் போகவில்லை. திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் அபினேஷ் எல்லோருக்கும் முன்னால் மைதானத்துக்கு வந்து நின்றான். டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. பூட்ஸ் மாட்டினான், அவள் சொன்ன அதே பின்வரிசைக்குப் போய் நின்றான்.

ஒரு வாரமாக வராதவன் இன்றைக்கு எதற்கு வந்தான்? பந்தைக் கண்டும் காணாததுபோல் விடச் சொல்லி எட்சன் சார் அனுப்பியிருந்தால்? அவனை வெளியே உட்காரவைக்கவும் அவளுக்குத் தைரியம் இல்லை. அவ்வளவு உயரமாக வேறு பையன் கிடையாது.

நேராகப் போட்டி அமைப்பாளர் ஞானையனிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் எட்சன் சாரைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே கேட்டார்.

"நேத்து இவங்க டீம் பையன் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேன் சார்."

"எதுக்கு?"

எட்சன் சார் பெமிலாவை ஒரு தடவை பார்த்தார். "பழைய பிள்ளைல்லா. சும்மா பாக்கப் போனேன்."

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள் அப்படிப் போவது முறையில்லை, இன்றைக்கு அவர் மைதானத்துக்குள் நிற்கக் கூடாது என்றார் ஞானையன். எட்சன் சார் கம்பி வேலிக்கு வெளியே போய் நின்றுகொண்டார். அவருடைய பிள்ளைகள் கோச் இல்லாமலே ஆடினார்கள். தடுமாறும்போதெல்லாம் வேலியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பெமிலாவின் அணி முதல் பாதியிலேயே ஒரு கோல் போட்டது. ஆனாலும் அவளுக்கு நிம்மதி இல்லை. பந்து அபினேஷ் பக்கம் போகும்போதெல்லாம் வேலிப் பக்கம் திரும்பி எட்சன் சாரைப் பார்த்தாள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். கோல்கீப்பரையும் தாண்டிவிட்டது பந்து. ஆளில்லாத போஸ்டுக்குள் உருண்டு போகிறது. பெமிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

கூட்டம் கத்திய கத்தலில் கண்ணைத் திறந்தால், அபினேஷ் முழங்கை தேய்ந்து தரையில் கிடக்கிறான். பந்து மைதானத்துக்கு வெளியே கிடக்கிறது.

விசில் ஊதியதும் பையன்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அபினேஷின் அம்மா இசபெல் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் கையைப் பிடித்தாள். அப்புறம் வேலிப் பக்கம் பார்த்துக் கேட்டாள்.

"எட்சன் சாரு என்னத்துக்கு டீச்சர் வெளிய நிக்காரு?"

பெமிலா சொன்னாள். நேற்று அவர் வீட்டுக்கு வந்து பையன் மனசைக் கலைக்கப் பார்த்ததையும், தான் புகார் கொடுத்ததையும்.

இசபெல் பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

"டீச்சர்கிட்ட சொல்லாண்டாம்னுதான் சாரு சொல்லிட்டுப் போனாரு. இனியும் சொல்லாம இருந்தா பாவம். டீச்சருக்குக் கீழ விளையாட மாட்டேன்னு இவன் ஒரே பிடியா நின்னான். நான்தான் சாருக்குப் போன் பண்ணி வரச் சொன்னேன்."

"வந்து?"

"'ரெண்டு வருசமா உன்னைத் தப்பான எடத்துல நிறுத்தினவன் நான்தான் மக்கா. டீச்சர் நிறுத்தின எடந்தான் சரி. நாளைக்கு அங்க நின்னு எனக்க பயலுவளுக்க பந்தைத் தடுத்துக் காட்டு'ன்னாரு."