சேராத ரத்தம்

"உன் பாலைக் குடுக்காதே! புட்டிப்பால் குடு!" என்று மருமகளின் மடியிலிருந்து குழந்தையை வெடுக்கென்று பிடுங்கினாள் பெனிதா.

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத பிள்ளை. எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள் மைதே. மலைப்பண்ணையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் முதல் மாமியாருக்கு இதே பேச்சுதான்.

"ஏம்மா அவளைப் போட்டுப் படுத்தறே?" என்றான் கோல்தோ. பெனிதாவுக்கு அவன் ஒரே மகன். "மூத்தவ பண்ணையிலேயே பொறந்து, இதே பாலைக் குடிச்சு, கன்னுக்குட்டி மாதிரிதானே துள்ளிக்கிட்டிருக்கா?"

"மூத்ததுக்கு ஒண்ணும் ஆகாதுடா." குழந்தையின் இமையை விரலால் விலக்கினாள். "கண்ணைப் பாரு. டாக்டரைக் கூட்டிட்டு வா, ஓடு!"

வெள்ளை விழி மஞ்சள் பூத்திருந்தது. டாக்டர் உகால்தே வந்து பார்த்தார். உடனே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்.

வெளியே தூறல் விடவே இல்லை. "நான் என்ன பண்ணினேன் அத்தே?" என்று மைதே ஒருமுறை கேட்டாள். பெனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாலையில் டாக்டர் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பையன் பொழைச்சுட்டான். ரத்தத்தையே மாத்தினோம். அம்மா ரத்தம் நெகட்டிவ், புள்ளைக்குப் பாசிட்டிவ். நம்ம பாஸ்க் இனத்துப் பொம்பளைங்கள்ல நிறைய பேருக்கு இந்த நெகட்டிவ் ரத்தம்தான். முதல் பிரசவத்துல அம்மா உடம்பு புள்ளையோட பாசிட்டிவ் ரத்தத்தைப் பகையாளின்னு தெரிஞ்சு வச்சுக்கும். அடுத்து வர்றதைத் தாக்கும்."

"இவ பால்தானே காரணம்?" பெனிதா விடவில்லை.

"யாரும்மா சொன்னது? பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நாளைக்கே தாராளமா குடுக்கலாம். இதுல யார் மேலயும் தப்பில்லை."

மைதே சத்தமில்லாமல் அழுதாள். கோல்தோ அம்மாவை முறைத்தான். "கேட்டியா? இப்பவாவது அவகிட்ட மன்னிப்புக் கேளு."

மகன் பேசியது பெனிதாவின் காதில் விழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இவனுக்கப்புறம் நாலு பெத்தேன், டாக்டர்... அதுங்களை என் பால் கொல்லலையா?"