பூவோடு வந்த வாசகம்

அந்த வாசகத்துக்கும் பூ விழுந்தது.

'இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.' கல்யாண வீட்டு டிவியில் அது கீழேயிருந்து மெல்ல மேலேறி வந்து நிற்க, அதன் மேல் ரோஜா இதழ்கள் உதிர்ந்தன. ஒருவர் இறந்துபோன மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற வாசகம் அது.

அந்த இணையப் பக்கத்தைச் செய்தவள் யும்னா. தங்கை சுஹாவின் நிக்காஹ் நேரலை. பெரியபட்டினத்து ஆண்களில் பாதிப்பேர் வளைகுடாவில் அல்லவா இருக்கிறார்கள்? அங்கிருந்து அவர்கள் எழுதுகிற ஒவ்வொரு கருத்தும் பூவோடு வந்திறங்க வேண்டுமென்று மண்டையை உடைத்துக்கொண்டு செய்திருந்தாள். எதற்குப் பூ, எதற்கு வேண்டாம் என்று பிரிக்கத் தோன்றவில்லை. கல்யாணத்தில் வாழ்த்தைத் தவிர வேறென்ன வரப்போகிறது?

"யாரோ குரூப்பு மாத்திப் போட்டுட்டாக, விடு" என்றாள் லத்தீபா மாமி. பெண்கள் அறையே சிரித்தது.

யும்னாவும் சிரித்துக்கொண்டே அதை நீக்கினாள். உடனே மறுபடியும் அதே வாசகம், வேறொருவர் பெயரில். அவளுக்கு என்னவோ போலிருந்தது. புதுக் கருத்துகள் தன் லேப்டாப்பைத் தாண்டி டிவிக்குப் போகாதபடி நிறுத்தினாள்.

அடுத்தது லேப்டாப்பில் மட்டும் வந்தது.

'சதக்கத்துல்லா காக்கா மவுத்தாயிட்டாக. ரூம்ல நெஞ்சுவலி. வீட்டுக்குச் சொல்லியாச்சா?'

வளைகுடாவில் வேலை பார்க்கும் சதக்கத்துல்லாதான் யும்னாவையும் சுஹாவையும் பெற்ற வாப்பா.

வாய்விட்டுக் கதற வேண்டும் போலிருந்தது. துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

சுஹாவிடம் சம்மதம் கேட்கப் பெரியவர்கள் அறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். வாப்பாவுக்கு லீவு கிடைக்காமல் தள்ளித் தள்ளிப் போன நிக்காஹ். இனி எனக்காக நிறுத்தாதீர்கள், நான் நேரலையில் வந்து எழுதுகிறேன் என்று நேற்றுதான் போனில் சொல்லியிருந்தார்.

"லாத்தா, வாப்பா இன்னும் எழுதலையா?" முக்காட்டுக்குள்ளிருந்து சுஹா அக்காவைக் கேட்டாள். வாப்பாவின் வாழ்த்தைப் பார்க்காமல் அவள் வாய் திறக்கமாட்டாள், அவ்வளவு பிடிவாதக்காரி.

யும்னா வாப்பாவின் பெயரைப் போட்டு எழுதினாள். 'என் மகள் சுஹாவுக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நான் பக்கத்திலேயே இருக்கிறேன்.' அதை மட்டும் டிவிக்கு விட்டாள்.

இதழ்கள் உதிர்ந்து முடிந்த பிறகும் சுஹா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமி தோளைத் தொட்டாள். சுஹா தெளிவான குரலில் சம்மதம் சொன்னாள். பெண்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள்.

பெரியவர்கள் திரும்பிப் போனதும் லேப்டாப்பில் காத்திருந்த வரிசையில் இன்னொரு கருத்து வந்து சேர்ந்தது. எழுதியவள், எதிரே மடியில் போனோடு தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்.

'வாப்பா என்னைய என்னைக்குப் பேரு சொல்லிக் கூப்புட்டாக? பெத்த தாயாட்டம் உம்மான்னுல்ல கூப்புடுவாக. எப்ப லாத்தா மவுத்தானாக?'