கைராசி

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு தேஞ்சு பாத்திருக்கேன். இப்படி இறுகித் தடிச்சுப் பாத்ததில்ல" என்றார்.

சுருளி முழங்காலுக்குக் கீழே தடவிக்கொண்டான். உசிலம்பட்டிப் பக்கம் கிணறு வெட்டும் ஆள். கால் வலியில் அவன் கடப்பாரையைத் தொட்டே மாதக்கணக்காகிவிட்டது.

பக்கத்தில் சின்னச்சாமி உட்கார்ந்திருந்தார். சுருளியின் சின்ன வயசிலிருந்தே ஊருக்கு அவர்தான் கம்பவுண்டர்; எந்தக் காய்ச்சலுக்கும் அவர் ஊசிதான். கைராசிக்காரர் என்று பேர். வாதம் என்று சொல்லி இத்தனை நாளும் ஊசி போட்டுப் பார்த்தவர். வலி கேட்காமல் போகவே, அவரே பஸ் ஏற்றி மதுரைக்குக் கூட்டி வந்துவிட்டார்.

டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளையும் புரட்டினார். சுருளியின் கல்லீரலில் பல வருஷமாக ஒரு கிருமி இருக்கிறதாம். ஹெபடைடிஸ் சி. அபூர்வமாகச் சிலருக்கு எலும்பையும் அது இப்படி ஆக்கிவிடுமாம்.

"ரத்தத்து வழியா வர்றது இது. உங்களுக்கு எப்பவாவது ரத்தம் ஏத்தியிருக்கா? ஊர்ல கண்ணாடி ஊசி போட்டிருக்காங்களா?"

சின்னச்சாமி போடுவது கண்ணாடி ஊசிதான். வாயைத் திறந்தார். சுருளி முந்திக்கொண்டான்.

"எனக்கு ஊசின்னாலே பயங்க. போட்டதே இல்ல" என்றான் சுருளி.

காரணம் தெரியவில்லை என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

சின்னச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். பயத்தில் உளறுகிறான் என்று நினைத்தார். உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைக்க உடம்பு கூசியது.

வராந்தாவில் சுருளி சுவரைப் பிடித்தபடி நின்றான்.

"ஒராளுக்குப் போட்டுட்டுப் பஞ்சுல தொடச்சு, அப்பிடியே அடுத்தாளுக்குக் குத்துவீகளே. அதச் சொன்னா உங்கள சும்மா விடுவாகளாண்ணே? ஊருக்கு நீங்க வேணும்ல."

தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்.

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சின்னச்சாமி திரும்பினார். டாக்டர் அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே அடுத்த நோயாளி சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்க ஊரு பூராத்துக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணுங்க" என்றார், நின்ற இடத்திலேயே. "ஊசி போட்டவன் நாந்தான்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எம் மகளுக்கும் அதே ஊசிதாங்க."